சென்சார் வைத்த காயக்கட்டு தப்பாகக் காட்டினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

திரையில் பி.எச். 8.6 என்று வருகிறது. கட்டைப் பிரித்துப் பார்த்தால் புண் இளஞ்சிவப்பாக, வாடையில்லாமல், நன்றாக ஆறிக்கொண்டிருக்கிறது. சென்சார் படலம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதிய படலம் அச்சிட உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும். நான் அப்படிப் பல வாரங்களைத் தொலைத்திருக்கிறேன். கடைசியில் பிடிபட்டது பெரும்பாலும் ஒப்பீட்டு மின்முனை (சென்சாரின் மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அது), இல்லையென்றால் ஈரம் புகுந்த கனெக்டர். சென்சார் படலம் குற்றவாளியாக இருந்தது குறைவுதான்.

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், வடிவமைப்பையே மாற்ற வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வளையும் படலத்தில் பி.எச்., வெப்பநிலை, ஈரம், யூரிக் அமிலம் போன்றவற்றை அளக்கும் முன்மாதிரிகளைச் செய்பவர்களுக்கானது இது. முன்மாதிரி தரும் எண்ணை வைத்து யாருக்கும் சிகிச்சையை மாற்றக் கூடாது. காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் திரை என்ன சொன்னாலும் மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும்.

எதற்கும் முன்: கிண்ணச் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் தேடும் இடம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

ஒரு சிறு கிண்ணத்தில் பி.எச். 7.4 பாஸ்பேட் பஃபர் சலைனை ஊற்றி 34 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வெறும் சலைன் வேண்டாம். அதில் பஃபர், அதாவது பி.எச்.-ஐ மாறாமல் பிடித்து வைக்கும் உப்பு, கிடையாது; காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைந்து பி.எச். 6-க்குக் கீழே கூட இறங்கிவிடும். பிறகு சென்சார் தப்பா, கரைசல் தப்பா என்று இன்னொரு குழப்பம் சேரும். கட்டின் சென்சார் பகுதியை மட்டும் கரைசலில் மிதக்க விட்டு அளவைப் பாருங்கள். அடுத்து கட்டைக் கழற்றிவிட்டு, அதே கனெக்டரில் மதிப்பு தெரிந்த ரெசிஸ்டர்கள் வைத்த ஒரு போலி அட்டையைச் செருகிப் பாருங்கள்.

கிண்ணத்தில் சரி, புண்ணில் தப்பு என்றால் தொடர்பு, அசைவு, புண்ணின் வேதியியல் ஆகியவற்றில் தேடுங்கள். கிண்ணத்திலும் தப்பு, போலி அட்டையில் சரி என்றால் கோளாறு கட்டில். போலி அட்டையிலும் தப்பு என்றால் கட்டைத் தொடவே தொடாதீர்கள். கனெக்டர், சுற்று, நிரல் மூன்றில் ஒன்று.

புண்ணில் இருந்த கட்டு தொற்றுக் கழிவு. கையுறை போட்டே தொட வேண்டும். சோதித்து முடித்ததும் மருத்துவக் கழிவில் சேர்க்க வேண்டும். அளவு சரியாக வந்துவிட்டது என்பதற்காக அதைத் திரும்பப் புண்ணில் வைக்கக் கூடாது.

அறிகுறி: அளவே வரவில்லை, அல்லது எண் ஒரே இடத்தில் ஒட்டி நிற்கிறது

*எண் மேல் எல்லையிலோ கீழ் எல்லையிலோ நிற்கிறது*

முதலில் கனெக்டர். அரை மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட பட்டைக் கனெக்டர்களில் படலத்தைச் சற்றே கோணலாகச் செருகினாலே ஒரு தடம் (அச்சிட்ட மின்கோடு) பக்கத்து முள்ளைத் தொட்டுவிடும். கழற்றி, பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு முனையைத் துடைத்து, காய விட்டு, நேராகச் செருகி, பூட்டு முழுவதும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். படல முனையின் தடிமனையும் அளந்துவிடுங்கள். இப்படிப்பட்ட கனெக்டர்கள் பலவும் 0.3 மி.மீ. தடிமனை எதிர்பார்க்கின்றன. முனையில் விறைப்புப் பட்டை ஒட்டாமல் 0.1 மி.மீ. படலத்தை அப்படியே செருகினால் மேசையில் வேலை செய்யும், உடம்பில் செய்யாது.

அதுவும் சரியென்றால், ஒவ்வொரு தடத்தையும் முனையிலிருந்து முனை வரை மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். புதிதாக அச்சிட்டபோது குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். குறித்து வைக்கவில்லையா? அடுத்த தொகுதியிலிருந்தாவது ஒவ்வொரு கட்டுக்கும் குறித்து வையுங்கள்.

*எண் நடுவில் எங்கோ நின்றுவிட்டது, கிண்ணத்தை மாற்றினாலும் மாறவில்லை*

இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஷார்ட் இருக்கிறது, அல்லது மின்முனை நனையவே இல்லை. சிலிக்கோன் விளிம்பிலிருந்து கசிந்த கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் மின்முனையை மூடியிருந்தால் தண்ணீர் மணிமணியாக நிற்கும். ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பரவாமல் உருண்டால் அந்தத் தொகுதியின் சிலிக்கோன் சரியாக இறுகவில்லை. இறுகாத சிலிக்கோனைத் துடைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

அறிகுறி: பி.எச். மெல்ல மெல்ல ஒரே பக்கம் நகர்கிறது

அதிகம் வருவது இதுதான். இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஆறாத புண்களின் பி.எச். 7-இலிருந்து 9 வரை போகும், நல்ல தோல் 4-க்கும் 6-க்கும் இடையில் இருக்கும். சென்சார் நகர்ந்து போய்க் காட்டும் பொய் எண்ணும் இந்த எல்லைக்குள்ளேயே விழுவதால் நம்பும்படி இருக்கும்.

பி.எச். ஒன்று மாறினால் கணக்குப்படி சென்சாரின் மின்னழுத்தம் 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட், 37 டிகிரியில் 61.5 மில்லிவோல்ட் மாறும்; இதைத்தான் சாய்வு என்கிறோம். இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

*முதல் கிளை: சாய்வா, நகர்வா?*

கட்டை பி.எச். 4, 7, 10 பஃபர்களில் வரிசையாக முக்கி மில்லிவோல்ட் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பி.எச்.-ஐ உணரும் பாலிஅனிலின் என்ற பாலிமர் படலமாக இருந்தால் 10-இல் அது சோம்பிப் போகும். அதற்குப் பதில் 8 அல்லது 9 பஃபர் எடுத்துக்கொள்வது நல்லது. புதிதாக இருந்தபோது எடுத்த எண்களோடு ஒப்பிடுங்கள்.

எண்களுக்கு இடையிலான வித்தியாசம் அப்படியே இருந்து, எல்லா எண்களும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ நகர்ந்திருந்தால் ஒப்பீட்டு மின்முனையைச் சந்தேகியுங்கள். வித்தியாசமே சுருங்கியிருந்தால், அதாவது பி.எச். ஒன்றுக்கு 55 மில்லிவோல்ட் கொடுத்தது இப்போது 35 கொடுத்தால், சென்சார் படலம் புரதம் படிந்து மூடியிருக்கிறது அல்லது உரிந்திருக்கிறது. எண்கள் சரியாகவே வந்தும் நிலைப்பதற்குப் பல நிமிடம் எடுத்தால் மேலே உள்ள ஹைட்ரோஜெல் (நீர் ஊறிய ஜெல் அடுக்கு) தடிமனாகிவிட்டது, அல்லது காய்ந்துவிட்டது.

*நகர்வு என்றால்*

புதுக் கட்டா? ஊற வைத்தீர்களா? காய்ந்த நிலையிலிருந்து நேராகப் புண்ணுக்குப் போன படலம் முதல் சில மணி நேரம் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். முந்தைய இரவே கரைசலில் ஊற விட்டால் பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

அதுவும் செய்தாயிற்று என்றால் ஒப்பீட்டு மின்முனையைத் தனியாகப் பிடித்து விசாரியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஆய்வகக் கண்ணாடி ஒப்பீட்டு மின்முனை ஒன்றையும் கட்டின் வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையையும் ஒரே கிண்ணத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவே மில்லிவோல்ட் அளந்துகொண்டே இருங்கள். அரை மணி நேரத்தில் ஐந்து மில்லிவோல்ட்டுக்கு மேல் அலைந்தால் விடை கிடைத்துவிட்டது.

அலையாமல் நின்றாலும் இன்னொரு சோதனை பாக்கி. 0.9 சதவீத உப்புக் கரைசலிலிருந்து எடுத்து, பத்து மடங்கு நீர்த்த கரைசலில் வையுங்கள். மேலே காப்புப் படலம் இல்லாத வெற்று மின்முனை கிட்டத்தட்ட 59 மில்லிவோல்ட் தாவும். பி.எச். துளியும் மாறாமலே திரையில் ஒரு முழு பி.எச். மாறியதாகத் தெரியும்! புண்ணில் இவ்வளவு பெரிய மாற்றம் வராது என்பது உண்மைதான். ஆனால் 0.9 சதவீத சலைனில் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல். உடல்நீரில் 100-ஐ ஒட்டி. சலைனில் காலிபரேட் செய்து (தெரிந்த கரைசலில் எண்ணைச் சரிபார்த்து அமைத்து) புண்ணில் வைத்தாலே 11 மில்லிவோல்ட், அதாவது 0.2 பி.எச்., சும்மா நகரும். செவிலியர் நடுவில் சலைன் ஊற்றிக் கழுவினால் திரும்ப மாறும்.

இதற்கு வழக்கமான மருந்து, உப்பு கலந்த பாலிவினைல் பியூட்டிரால் படலத்தை ஒப்பீட்டு மின்முனை மேல் சொட்டி உலர வைப்பது. அதில் ஓட்டை விழுந்தால் பயன் இல்லை. உருப்பெருக்கியில் பாருங்கள்: குமிழி, விளிம்பில் வெடிப்பு, நடுவில் பள்ளம். ஒரே சொட்டாகப் பெரிதாக விடுவதைவிட, சிறு சொட்டுகளாக இரண்டு மூன்று முறை உலர விட்டு விடுவது எனக்குக் கை கொடுத்திருக்கிறது. மின்முனை கறுத்திருந்தால் கந்தகம் ஏறி வெள்ளி சல்பைடு ஆகியிருக்கலாம். நாள்பட்ட புண்ணில் அது நடக்கும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து பயனில்லை.

*சாய்வு குறைந்திருந்தால்*

பஃபரில் மெதுவாக அலசி மறுபடி பாருங்கள். சாய்வு திரும்பி வந்தால் புரதப் படிவு; மேலே மெல்லிய ஹைட்ரோஜெல் அடுக்கு தேவை. வரவில்லை என்றால் படலம் உரிந்திருக்கிறது. பாலிஅனிலினை வளையும் கார்பன் மேல் ஏற்றும்போது கார்பன் மேற்பரப்பைத் தயார் செய்யாமல் விட்டால் நாலைந்து வளைவுகளில் செதில் செதிலாக வந்துவிடும்.

காலிபரேஷனைப் பஃபரில் மட்டும் முடித்துவிட்டு வராதீர்கள். காயக்கட்டுகளின் உறிஞ்சும் திறனைச் சோதிக்கும் இ.என். 13726 தரத்தில் வரும் சோடியம்-கால்சியம் குளோரைடு கரைசலில் ஒரு முறையும், சீரம் கலந்த கரைசலில் ஒரு முறையும் பாருங்கள். சீரத்தில் ஒரு நாள் ஊறிய பிறகும் அதே சாய்வு நின்றால்தான் அந்தக் கட்டுக்குப் புண்ணில் வேலை இருக்கிறது.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?* ஒரே தொகுதியில் அச்சிட்ட கட்டுகளில் பாதி ஒரு பக்கமும் மீதி மறு பக்கமும் நகர்ந்தால் அது மேசையில் தீரும் கோளாறு அல்ல. மின்வேதியியல் தெரிந்த ஒருவரிடம் மையையும் படலத்தையும் கொடுத்து மின்மறுப்பு நிறமாலை (பல அதிர்வெண்களில் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: நோயாளி அசைந்தால் எண் குதிக்கிறது

கட்டைப் படுக்க வைத்துப் பாருங்கள், அமைதியாக இருக்கும். ஒரு பேனாவைச் சுற்றி மெல்ல வளைத்துக்கொண்டே தடத்தின் ஓம் அளவைப் பாருங்கள். வளைக்கும்போது ஏறி, நிமிர்த்தும்போது இறங்கினால் தடத்தில் மயிரிழை வெடிப்பு.

வெடிப்பு எங்கே? விறைப்பான பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்கும் அந்தக் கோட்டில்தான். கனெக்டரின் விறைப்புப் பட்டை, சிப்பின் ஓரம், காப்புப் பூச்சு முடியும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். அங்கே ஒரு சொட்டு மென்மையான சிலிக்கோனைச் சரிவாக விட்டு விறைப்பைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் தீரும்.

தீரவில்லை என்றால் தடிமனைக் கணக்குப் பாருங்கள். மேற்பரப்பில் வரும் இழுவிசைத் திரிபு, படலத்தின் தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும் எண். 100 மைக்ரான் படலத்தை 4 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் 1.25 சதவீதம். மெல்லிய தங்கத் தடத்துக்கு அதுவே அதிகம். படலத்தைப் பாதியாக்கினால் திரிபும் பாதி. அல்லது தடத்தின் மேலே அதே பொருளில் அதே தடிமனில் இன்னொரு படலத்தை ஒட்டி, தடத்தை நடுவில் சிக்க வையுங்கள். நடுவில் இழுவையும் இல்லை, அமுக்கமும் இல்லை. முழங்கால், கணுக்கால் போன்ற இடங்களில் தோலே நீளும் என்பதால் அங்கே பாம்புபோல் நெளிந்த தடம் இல்லாமல் முடியாது.

*தடம் நல்லது, ஆனாலும் குதிக்கிறது*

அப்படியென்றால் மின்முனைக்கும் புண்ணுக்கும் நடுவே காற்று புகுந்து வெளியேறுகிறது. கட்டின் நடுவில் இலேசாக விரலால் அமுக்கினால் எண் நிலைத்து நின்றால் இதுதான். பின்னால் மெல்லிய நுரை வைத்துப் பாருங்கள்.

*எல்லாம் சரி, ஆனால் மடிக்கணினியைச் சார்ஜரில் செருகினால் மட்டும் ஆடுகிறது*

வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வருகிறது. சென்சாரின் உள்மின்தடை அதிகம். நுண்கட்டுப்படுத்தியின் உள்ளீட்டில் நேராகக் கொடுத்திருந்தால் நடுவில் உயர் உள்ளீட்டு மின்தடை கொண்ட ஒரு பெருக்கி வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: மனித உடம்பில் ஒட்டியிருக்கும் கட்டை ஏன் மின்சாரத்தில் செருகிய கணினியோடு இணைத்தீர்கள்? உடனே கழற்றுங்கள். மருத்துவ மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1 தரத்தில் நோயாளி வழியே போகலாம் என்று விட்டிருக்கும் நேர்மின்னோட்டக் கசிவு, சாதாரண நிலையில் 10 மைக்ரோஆம்பியர்தான். அதற்கான தனிமைப்படுத்தலை நீங்களே சோதித்துச் சான்று சொல்ல முடியாது. இது அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தின் வேலை.

அறிகுறி: ஈர சென்சார் எப்போதும் "நனைந்திருக்கிறது" என்கிறது

உண்மையிலேயே நனைந்திருக்கலாம், முதலில் கட்டைத் திறந்து பாருங்கள். காய்ந்திருந்தும் நனைந்ததாகச் சொன்னால் உப்புப் படிவு. கசிவுநீர் காய்ந்து விட்டுப்போன உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். வடித்த நீரில் அலசினால் குணமாகிறதா என்று பாருங்கள்.

ஆகவில்லையா? உருப்பெருக்கியை எடுங்கள்.

ஒரு முறை எங்கள் கட்டு ஒன்று மாலையில் சரியாக இருந்து, காலையில் இரண்டு தடங்களுக்கு நடுவே வெறும் 20 ஓம் காட்டியது. உருப்பெருக்கியின் கீழே ஒரு வெள்ளித் தடத்திலிருந்து மறு தடம் வரை பாசி படர்ந்ததுபோல் கிளை கிளையாக வெள்ளி வளர்ந்திருந்தது. சில கிளைகள் வந்து சேர்ந்திருந்தன, சில பாதி வழியில் நின்றிருந்தன. நிரலில் அளவெடுக்காத நேரத்தில் ஒரு முனையை 3.3 வோல்ட்டிலேயே விட்டுவிட்டோம். ஈரம், வெள்ளி, நேர்மின்னழுத்தம் மூன்றும் சேர்ந்தால் வெள்ளி அயனியாகி நகர்ந்து எதிர் முனையில் போய்ப் படியும். ஒரு இரவே போதும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நிரலில் ஒரே ஒரு வரிதான் தப்பு. ஆனால் அதே நிரல் ஓடிய ஆறு கட்டுகளும் போயின.

சரிசெய்வது எளிதிலிருந்து கடினம் வரை: அளக்காத நேரத்தில் எல்லா முனைகளையும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். அளக்கும்போது நேர்மின்சாரம் வேண்டாம். ஒரு கிலோஹெர்ட்ஸ் அளவிலான மாறுமின்சாரத்தைச் சில மில்லிவினாடி மட்டும் கொடுங்கள். தடங்களின் இடைவெளியைக் கூட்டுங்கள். வெள்ளியின் மேல் கார்பன் மையை அகலமாக அச்சிட்டு முழுவதும் மூடுங்கள். எல்லாம் செய்தும் வளர்ந்தால் ஈரம் படும் இடத்தில் வெள்ளியையே விட்டுவிட வேண்டும்.

சிலிக்கோன் பூசியிருக்கிறோமே, தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று பலரும் கேட்பார்கள். சிலிக்கோன் தண்ணீரை நிறுத்தும், நீராவியை நிறுத்தாது. நீராவி உள்ளே போய், ஒட்டாமல் விட்ட இடைவெளியில் தண்ணீராக நிற்கும். பாரிலீன் பூச்சு இதைவிடப் பல மடங்கு மேல். அதற்கு வெற்றிடப் பூச்சு எந்திரம் வேண்டும் என்பதால் வெளியே கொடுத்துத்தான் செய்தாக வேண்டும்.

அறிகுறி: வெப்பநிலை கூடுதலாகக் காட்டுகிறது

கட்டு மாற்றி அரை மணி நேரம் ஆகிவிட்டதா? கழுவும்போது குளிர்ந்த புண் திரும்பச் சூடாக நேரம் எடுக்கும்; அந்த ஏற்றமே சூடு கூடுவதுபோல் தெரியும். முதல் அரை மணி நேர எண்களை நிரலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

மேலே போர்வை கிடந்ததா, பக்கத்தில் புளூடூத் சிப் இருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். பிறகு தெர்மிஸ்டரின் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் வெப்ப உணரியின்) சொந்தச் சூடு. 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 3.3 வோல்ட்டில் எந்நேரமும் விட்டிருந்தால் கால் மில்லிவாட்டுக்கு மேல் அதிலேயே சூடாகிறது. சிறிய தெர்மிஸ்டரில் இது ஒரு டிகிரியின் பத்தில் இரண்டு மூன்று பங்கு பிழையாகும். அளக்கும்போது மட்டும் மின்சாரம் கொடுங்கள்.

இவை எல்லாம் தாண்டியும் கூடுதல் என்றால் ஈரக் கசிவு. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் தெர்மிஸ்டர் 35 டிகிரியில் 6.5 கிலோ ஓம் அளவுக்கு வரும். கனெக்டரில் ஈரம் புகுந்து அதற்கு இணையாக 200 கிலோ ஓம் கசிவு உண்டானால் திரையில் கிட்டத்தட்ட 0.8 டிகிரி கூடித் தெரியும். காய்ச்சலும் இல்லை, தொற்றும் இல்லை; ஒரு சொட்டு சலைன்தான். கட்டைக் கழற்றி, கனெக்டர் முனைகளுக்கு நடுவே மின்தடை பாருங்கள். மெகா ஓம் கணக்கில் இல்லையென்றால் காய வைத்து மூடுங்கள்.

ஒரே இடத்து எண்ணைவிட உடலின் மறுபக்கத்தில் அதே இடத்தோடு ஒப்பிடுவதுதான் நம்பகமானது. நீரிழிவுப் பாதப் பராமரிப்பில் இரு பாதங்களின் ஒரே இடங்களுக்கு நடுவே 2.2 டிகிரி வித்தியாசத்தை எச்சரிக்கை எல்லையாக வைத்திருப்பது அதனால்தான். சென்சார் சரியாக இருந்து இந்த வித்தியாசம் நீடித்தால் பிழை தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: யூரிக் அமிலம் அல்லது குளுக்கோஸ் எண் நாளுக்கு நாள் விழுகிறது

இங்கே ஒரு சங்கடம். சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும். எண் விழுவது தொற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம், சென்சார் அளக்கப் பயன்படுத்தும் நொதி செத்ததாகவும் இருக்கலாம். புண்ணைப் பார்த்தவரிடம் கேட்டு முதல் சாத்தியத்தை நீக்கிவிட்டே மேசைக்கு வாருங்கள்.

கட்டில் நொதி இல்லாத மின்முனை ஒன்றைக் கூடவே அச்சிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். நொதி வினையில் உண்டாவதும் மின்முனை அளப்பதும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான்; அதனால் கிண்ணத்தில் செறிவு தெரிந்த ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து அந்த மின்முனையைப் பாருங்கள். அது நன்றாகப் பதில் சொல்லி, நொதி மின்முனை யூரிக் அமிலத்துக்குப் பதில் சொல்லவில்லை என்றால் நொதி போய்விட்டது: வெளியில் கிடந்ததா, காயாமல் மூடினீர்களா, 4 டிகிரியில் வைத்தீர்களா என்று பாருங்கள். நொதியில்லாத மின்முனையே பதில் சொல்லவில்லை என்றால் கீழே இருக்கும், பெராக்சைடை உணரும் பிரஷ்யன் நீல அடுக்கு கரைந்திருக்கிறது. காரத் தன்மையில் அது நிலைக்காது. ஆறாத புண் காரப் பக்கம் இருக்கிறது என்பதுதான் இந்த வடிவமைப்பின் பெரிய தலைவலி. நிலைப்படுத்தும் மேலடுக்கு வேண்டும், அல்லது கட்டின் ஆயுளைச் சில மணி நேரமாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் எகிறின

நேரத்தைக் குறித்துக்கொண்டு செவிலியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அப்போது எதை ஊற்றிக் கழுவினீர்கள்?"

போவிடோன் அயோடின், ஹைப்போகுளோரைட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் மின்வேதிச் சென்சாரைத் தலைகீழாக்கும். ஆக்சிடேஸ் நொதிச் சென்சார்கள் அளப்பதே பெராக்சைடைத்தான். அதையே மேலே ஊற்றினால் எண் கூரைக்குப் போகும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு என்றால் எதிர்மாறாக எல்லாம் மௌனமாகிவிடும். கழுவியதை மாற்றச் சொல்லாதீர்கள், புண்ணுக்கு எது வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். நிரலில் "கழுவினோம்" என்று ஒரு பொத்தான் வைத்து, அதன் பின் வரும் எண்களை ஒதுக்குங்கள்.

எதையும் ஊற்றவில்லை என்றால் மின்கலம். சி.ஆர்.2032 மின்கலம் சும்மா இருக்கும்போது 3 வோல்ட் காட்டும். ரேடியோ பேசும் அந்தக் கணத்தில் விழும். ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள், அல்லது 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணையாகப் போட்டுக் குணமாகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: மேசையில் போன் படிக்கிறது, உடம்பில் ஒட்டினால் படிக்கவில்லை

போனை நகர்த்திப் பாருங்கள். சில போன்களில் என்.எஃப்.சி. (அருகில் வைத்துக் கம்பியில்லாமல் படிக்கும் முறை) ஆன்டெனா மேல் விளிம்பில், சிலவற்றில் முதுகின் நடுவில். அதுவல்ல என்றால் உடம்பின் நீர் ஆன்டெனாவின் ஒத்ததிர்வைக் கீழே இழுத்திருக்கிறது. சலைன் நிரப்பிய பையின் மேல் கட்டை வைத்து, அந்த நிலையில் 13.56 மெகாஹெர்ட்ஸில் உச்சம் வரும்படி மின்தேக்கியைச் சிறிதாக்குங்கள். காற்றில் சுருதி சேர்த்த ஆன்டெனா தோலில் பாடாது. கசிவுநீர் ஆன்டெனாவுக்கே வந்துவிடுகிறது என்றால் ஆன்டெனாவை உறிஞ்சும் அடுக்குக்கு மேலே ஏற்ற வேண்டும்.

அறிகுறி: கிருமிநீக்கத்துக்கு முன் வேலை செய்தது, பின் செய்யவில்லை

இதில் மேசையில் செய்ய அதிகமில்லை. 121 டிகிரி நீராவி நொதியைக் கொன்றுவிடும். 25 கிலோகிரே காமா கதிர் நொதியையும் சிப்பின் நினைவகத்தையும் பாதிக்கலாம். எத்திலீன் ஆக்சைடு மென்மையானது, ஆனால் வெற்றிடத்தில் கட்டின் உள்ளே சிக்கிய காற்றுக் குமிழி ஊதி அடுக்குகளைப் பிரித்துவிடும். எச்ச வாயுவையும் ஐ.எஸ்.ஓ. 10993-7 படி அளந்தாக வேண்டும். அடுக்கு பிரிந்திருந்தால் ஓரத்தில் பால்போல் வெண்மை தெரியும். மின்னணுப் பகுதியைக் கழற்றக்கூடியதாக்கி, புண்ணைத் தொடும் பகுதியை மட்டும் கிருமிநீக்கம் செய்வதுதான் என் வழி. அதற்குமேல் கிருமிநீக்கம் செய்யும் நிறுவனத்தின் ஆளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அறிகுறி: கட்டைச் சுற்றித் தோல் வெளுக்கிறது, சிவக்கிறது, கட்டு உரிகிறது

எண்கள் எவ்வளவு அழகாக வந்தாலும் கட்டை எடுத்துவிடுங்கள். இதில் சோதித்துப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை.

எடுத்த பிறகு தடயம் பார்க்கலாம். விளிம்பைச் சுற்றி வெளுத்து, ஊறிய விரல்போல் சுருங்கியிருந்தால் நீராவி வெளியே போகவில்லை. நல்ல தோலிலிருந்து சதுர மீட்டருக்கு ஒரு நாளில் வெளியேறும் நீராவி 200 கிராம் அளவு; திறந்த புண்ணிலிருந்து 5,000 கிராம் வரை. அதன்மேல் இடைவெளியில்லாத பாலிஇமைடு தாளை விரித்தால் என்ன ஆகும்? தடம் ஓடாத இடங்களில் எல்லாம் துளையிடுங்கள், அல்லது படலத்தை வலையாகவே வெட்டுங்கள்.

சிவப்பு ஒரு சிப்பின் வடிவத்திலோ மின்கலத்தின் வட்டத்திலோ பதிந்திருந்தால் அழுத்தம். அந்தப் பாகத்தைப் புண்ணைவிட்டுத் தள்ளி வையுங்கள். படலம் தொட்ட இடம் முழுவதும் சிவந்து அரித்தால் பொருளே ஒவ்வவில்லை: சரியாக இறுகாத அக்ரிலேட் ரெசின், மையில் மிஞ்சிய கரைப்பான், ஒட்டுப்பசை. ஐ.எஸ்.ஓ. 10993 வரிசையில் செல்நச்சு, எரிச்சல், ஒவ்வாமைச் சோதனைகள் முடியாத பொருள் எதுவும் அடுத்த கட்டில் இருக்கக் கூடாது. அந்தச் சோதனைகளையும் வெளிக்கூடத்தில்தான் செய்ய வேண்டும். தோலை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கழற்றிய கட்டைத் தேதி எழுதி, மூடிய பையில் தனியாக எடுத்து வையுங்கள், அவர் கேட்பார்.